உத்திரமேரூர்ப் பக்கம் பத்துப் பெட்டிகள்

நான் அந்த வேலையில் சேர்ந்தபோது எனக்கு இருபத்து நான்கு வயது. சென்னையில் ஒரு மாடியில் ஏழு பேர் உட்கார்ந்து வேலை பார்த்த சின்ன நிறுவனம். அதை நடத்தியவர் சில வருடம் வெளிநாட்டில் இருந்துவிட்டு வந்தவர். அங்கே அவருக்கு ஒரு விளையாட்டு பழக்கமாகியிருந்தது. யாரோ ஒருவர் காட்டிலோ பூங்காவிலோ ஒரு சின்னப் பெட்டியை ஒளித்து வைப்பார். அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் போடுவார். மற்றவர்கள் ஜிபிஎஸ் கருவியைக் கையில் பிடித்துக்கொண்டு போய்த் தேடுவார்கள். கிடைத்தால் உள்ளே இருக்கும் தாளில் பெயரும் தேதியும் எழுதிவிட்டு, பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்துவிட வேண்டும். இந்த ஆட்டத்தை விலை குறைந்த ஸ்மார்ட்போனில், தமிழில் ஆட வைக்க வேண்டும் என்பது அவர் ஆசை.

என்னை எடுத்தது சோதனை செய்து பார்க்கும் வேலைக்கு. பிசிஏ படித்திருந்தேன். நேர்காணலில் என் படிப்பைப் பற்றி இரண்டு கேள்விதான் கேட்டார். எந்த ஊர் என்று கேட்டார். உத்திரமேரூர்ப் பக்கம், காவாந்தண்டலம் தாண்டி என்றேன். அவர் முகம் மலர்ந்தது.

"சிட்டிக்குள்ள எல்லாம் நல்லா ஓடுது. கிராமத்துல எப்படி ஓடும்னு எங்க யாருக்கும் தெரியாது. நீங்க உங்க ஊர்லயே இருந்து பாருங்களேன்" என்றார்.

ஊரைவிட்டு வெளியே போவதற்காகத்தான் வேலை தேடினேன். சேர்ந்த மூன்றாவது வாரமே இரண்டு மலிவான போன்களோடும் நிறுவனம் கொடுத்த ஒரு பையோடும் திரும்பி வந்து இறங்கினேன். அம்மா பையைப் பார்த்துவிட்டு, "வேலய வுட்டுத் தூக்கிட்டாங்களா?" என்று கேட்டாள். இல்லை, இங்கேயே இருந்து செய்கிற வேலை என்றேன். அவள் நம்பவில்லை. சம்பளம் மூன்று மாதம் ஒழுங்காக வந்த பிறகுதான் நம்பினாள்.

எங்கள் தெரு ஊருக்குத் தெற்கே, ஏரிக்கால்வாயைத் தாண்டி இருக்கிறது. காலனி என்பார்கள். அப்பா இல்லை. அம்மா நடவு, களையெடுப்பு, நூறு நாள் வேலை என்று எது வந்தாலும் போவாள். பெரும்பாலும் போவது மேட்டு வீட்டுக்காரர் கழனிக்கு. ஊருக்குள் கொஞ்சம் மேடான இடத்தில் அவர் வீடு இருந்ததால் அந்தப் பெயர். ஏரிப் பாசனத்தில் ஒரு நிலமும் கால்வாய் ஓரமாக ஒரு நிலமும் அவருக்கு உண்டு.

என் வேலை நடப்பதுதான். காலையில் போனை எடுத்துக்கொண்டு கிளம்பி, குறித்த இடத்துக்கு ஆப் சரியாகக் கூட்டிப் போகிறதா என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் கூட்டிப் போகவில்லை. சென்னையில் இருந்தவர்கள் திரையில் ஒரு அம்புக்குறி வைத்திருந்தார்கள். பெட்டி எந்தத் திசையில் இருக்கிறதோ அந்தப் பக்கம் அது திரும்ப வேண்டும். எங்கள் ஊரில் ஆட்கள் வைத்திருந்த மலிவு போன்கள் பலவற்றில் திசைகாட்டியே கிடையாது. ஏரிக்கரையில் அசையாமல் நின்றேன். அம்பு தட்டாமாலை சுற்றியது. சொன்னபோது யாரும் நம்பவில்லை. அதை வீடியோ எடுத்து அனுப்பினேன். அதன் பிறகு அம்பை எடுத்துவிட்டு, எத்தனை மீட்டர் என்ற எண்ணை மட்டும் வைத்தார்கள். கிட்டே நெருங்க நெருங்க போன் அடிக்கடி அதிரும்.

அதிலும் ஒரு சிக்கல் இருந்தது. போன் நேர்கோட்டில்தான் கணக்கிடும். இன்னும் முந்நூறு மீட்டர் என்று சொல்லும். அந்த முந்நூறு மீட்டரில் பாதி ஏரித் தண்ணீராகவும் மீதி யாரோ ஒருவரின் நெற்பயிராகவும் இருக்கும். அதனால் ஒவ்வொரு பெட்டிக்கும் போகிற வழியை நானே குறிப்பாக எழுதிக் கொடுத்தேன். "மதகிலிருந்து வரப்பு மேலேயே வாருங்கள். டிரான்ஸ்பார்மரைத் தாண்டி இடது பக்கம்" என்கிற மாதிரி. சென்னையில் இருந்தவர்களுக்கு மதகு என்றால் என்ன என்று ஒருநாள் போனில் அரை மணி நேரம் விளக்கினேன். ஏரியிலிருந்து வாய்க்காலுக்குத் தண்ணீர் திறந்துவிடுகிற இடம் என்று முடித்தேன். "அப்ப கேட்னு போட்டுக்கலாமா?" என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன்.

மாசி மாதம் பத்துப் பெட்டிகள் வைத்தேன். பெட்டி என்று ஆப்பில் சொன்னாலும் அவை மருந்துக் கடையில் வாங்கிய வெள்ளைப் பிளாஸ்டிக் டப்பாக்கள். உள்ளே மடித்த தாள், ஒரு துண்டுப் பென்சில். திருமுக்கூடலில் ஆற்றங்கரை மரத்தடியில் ஒன்று. உத்திரமேரூர் போகும் சாலையில், பயன்படுத்தாத எடைமேடைக்குப் பின்னால் ஒன்று. மற்றவை எங்கள் ஏரியைச் சுற்றி, நடக்கிற தூரத்தில். ஆறாவது பெட்டியைக் கால்வாய் மேல் இருந்த சின்னப் பாலத்தின் அடியில் டேப் போட்டு ஒட்டினேன். பத்தாவதைக் காலனியில், மேல்நிலைத் தொட்டியின் ஏணிக்குக் கீழே செங்கல் இடுக்கில் வைத்தேன். அதை அங்கே வைக்கும்போது நான் பெரிதாக எதுவும் யோசிக்கவில்லை. வீட்டிலிருந்து பார்த்தால் தெரியும், சோதிக்கச் சுலபம் என்றுதான் நினைத்தேன்.

ஜெராக்ஸ் கடையிலும் இ-சேவை மையத்திலும் நோட்டீஸ் ஒட்டினேன். கல்லூரிப் பையன்கள் நாலைந்து பேர் வந்தார்கள். இரண்டு பெட்டி எடுத்துப் படம் போட்டார்கள். மூன்றாவது ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவர்களைக் காணோம். பரிசு ஏதும் இல்லை என்று தெரிந்துவிட்டது போலிருக்கிறது.

ஒரே ஒருவர் மட்டும் விடவில்லை. ஆப்பில் அவர் வைத்துக்கொண்ட பெயர் 'நாலுபுள்ளி'. தாளில் பெயர் எழுதுகிற இடத்தில் பெயருக்குப் பதிலாக நாலு புள்ளி வைத்துச் சுற்றி ஒரு சிக்குக் கோலம் போட்டிருப்பார். நகம் அளவுதான் இருக்கும். கோடு எங்கும் நடுங்காது. எந்த நாள் எத்தனை மணிக்குப் பெட்டி திறக்கப்பட்டது என்று எனக்கு வரும். நாலுபுள்ளி எப்போதும் பதினொன்றரை மணிவாக்கில் திறப்பார். வார நாட்களில் மட்டும். திருமுக்கூடல் பெட்டியை மட்டும் ஒரு சனிக்கிழமை காலையில் எடுத்திருந்தார்.

தவறு இருந்தால் சொல்வதற்கு ஆப்பில் ஓர் இடம் உண்டு. அதில் வாயால் சொல்லி எழுத வைக்கலாம். நாலுபுள்ளி அப்படித்தான் எழுதினார் என்று பார்த்தாலே தெரியும். "மூணாவது மதுரை உடைஞ்சி போச்சு ரெண்டாவது மதுரைன்னு மாத்தி போடுங்க" என்று ஒரு குறிப்பு வந்தது. மதுரை எங்கே இங்கே வந்தது என்று யோசித்து, மதகு என்று புரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் ஆயிற்று. போய்ப் பார்த்தேன். மூன்றாவது மதகு உடைந்து முள் மண்டிக் கிடந்தது. யாரும் அதை அடையாளம் சொல்ல மாட்டார்கள். மாற்றினேன். "நன்றி" என்று பதில் போட்டேன். "வெயிலுக்கு முந்தி வேலய முடிச்சிக்கோங்க" என்று வந்தது.

நான் இந்த ஆளைப் பற்றிக் கற்பனை செய்து வைத்திருந்தேன். பக்கத்து ஊர்ப் பள்ளியில் வாத்தியார் வேலை, இடைவேளையில் வருகிறார் என்று. சித்திரை முடிவதற்குள் ஒன்பது பெட்டியும் எடுத்துவிட்டார். பத்தாவதை மட்டும் எடுக்கவில்லை. ஆப்பில் ஒருவர் ஒரு பெட்டியின் பக்கத்தைத் திறந்து பார்த்தாலும் பதிவாகும். பத்தாவதின் பக்கத்தை நாலுபுள்ளி பதினான்கு முறை திறந்து பார்த்திருந்தார். வரவில்லை. சென்னையிலிருந்து, அந்தப் பெட்டி யாருமே எடுக்காமல் கிடக்கிறது, வேறு இடத்துக்கு மாற்றலாமே என்றார்கள். சிக்னல் சரியில்லை, சரி செய்துகொண்டிருக்கிறேன் என்று பதில் எழுதினேன். சிக்னல் அங்கே நன்றாகத்தான் இருந்தது.

வைகாசியில் நூறு நாள் வேலையாகக் கால்வாயைத் தூர் வார ஆரம்பித்தார்கள். அம்மாவும் போயிருந்தாள். நான் வீட்டில் உட்கார்ந்து லேப்டாப்பில் ஏதோ செய்துகொண்டிருந்தேன். போன் வந்தது.

"இன்னாடி பண்ற?"

"வேல செஞ்சிக்கினு கீறேன். இன்னாம்மா?"

"கால்வாயாண்ட வந்துடாத. செய்வினை வச்சிக்கிறானுங்க."

"எங்க?"

"மேட்டுவூட்டுக் கயனியாண்ட, பாலத்துக்குக் கீய. வெள்ளை டப்பா. உள்ள தேதியெல்லாம் எய்தி, எந்திரம் போட்டு மடிச்சி வச்சிக்கீது. ஒருத்தியும் மண்வெட்டிய தொட மாட்டேன்றா. மேட்டுவூட்டுக்காரரு வந்து குதிச்சிக்கினு கீறாரு."

நான் செருப்பைக்கூடப் போடாமல் ஓடினேன்.

முப்பது பேருக்கு மேல் இருந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். ஊர்க்காரர்கள் பாலத்துக்கு அந்தப் பக்கமும் காலனிக்காரர்கள் இந்தப் பக்கமும் நின்றார்கள். நடுவில் பாலத்தின் கைப்பிடிச் சுவர் மேல் என் ஆறாவது பெட்டி இருந்தது. மூடி திறந்திருந்தது. சுற்றிலும் வேப்பிலை போட்டிருந்தார்கள். தாள் காற்றில் பறக்காமலிருக்க அதன் மேல் ஒரு கல். தாளில் வரிசையாகத் தேதிகள். ஒவ்வொரு தேதிக்குப் பக்கத்திலும் அந்த நாலு புள்ளிக் கோலம். அவர் ஒரே பெட்டிக்கு ஏழெட்டு முறை வந்திருந்தார் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஒரு பெட்டியில் முதல் வருகையைத்தான் ஆப் பதிவு செய்யும்.

மேட்டு வீட்டுக்காரருக்கும் அவருடைய பங்காளிக்கும் வரப்புத் தகராறு. இரண்டு பேர் நிலமும் அங்கே ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. பங்காளியும் தன் நிலத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் போர்ல தண்ணி வத்திப் போனது சும்மாவா?" என்று மேட்டு வீட்டுக்காரர் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். "யாரு வச்சதுன்னு எனக்குத் தெரியும். வேற எவனுக்கு இன்னா வேல இங்க?"

"யாரச் சொல்ற நீ? பேரச் சொல்லிப் பேசு" என்று பங்காளி வேட்டியை மடித்துக் கட்டினார்.

"அது என் டப்பாங்க" என்றேன்.

என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். எல்லோரும் திரும்பினார்கள். அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

"இன்னாது?" என்றார் அவர்.

"ஒரு வெளாட்டுங்க. எங்க ஆபீஸ்ல பண்றது. போன்ல இடம் காட்டும். வந்து டப்பாவத் தேடி எடுத்து, தேதி எய்திட்டு, திரும்ப வச்சிட்டுப் போவணும். செய்வினையெல்லாம் இல்லீங்க."

போனைத் திறந்து காட்டினேன். வரைபடத்தில் பாலமும் ஆறு என்ற எண்ணும் தெரிந்தன. அவர் குனிந்து பார்த்தார். என் கையிலிருந்து போனை வாங்கவில்லை.

"வெளாட்டுக்கு எதுக்கும்மே எந்திரம்?" என்றாள் ஊர்ப் பக்கம் நின்ற ஒருத்தி.

"எந்திரம் நான் போடலீங்க. ஆடறவங்க யாரோ போட்டது."

"யாரு?"

"பேரு எங்களுக்குத் தெரியாதுங்க. ஆப்புல வராது."

அது உண்மை. ஆனால் சொன்ன உடனேயே அது எவ்வளவு மோசமாகக் கேட்கிறது என்று எனக்குப் புரிந்தது. மேட்டு வீட்டுக்காரர் என்னைப் பார்த்துக்கொண்டே, "அவன் சொல்லித்தானே வச்ச? எவ்ளோ குடுத்தான்?" என்றார். பங்காளி வரப்பிலிருந்து இறங்கி வந்தார். அவர் பின்னால் அவருடைய ஆட்கள் இரண்டு பேர் வந்தார்கள். அம்மா, "அய்யோ, அதுக்கு ஒண்ணுந் தெரியாதுங்க, அது கம்பூட்டர் படிச்சதுங்க" என்று அழ ஆரம்பித்தாள். அம்மா இரண்டு பேர் கழனிக்கும் வேலைக்குப் போகிறவள். எந்தப் பக்கம் போனாலும் இடி அவளுக்குத்தான். என் மனதில் அப்போது அது ஒன்றுதான் ஓடியது.

"நான்தான் போட்டேன்."

சொன்னது மேட்டு வீட்டுக்காரரின் மனைவி. அவருக்குப் பின்னால் நின்றிருந்தார். கையில் தூக்கு. தினமும் பதினொன்றரை, பன்னிரண்டுக்கு அவருக்குச் சாப்பாடு கொண்டுவருவார். நாற்பது வயது தாண்டியவர். ஒரே மகள், காஞ்சிபுரத்தில் கட்டிக் கொடுத்தாகிவிட்டது. நடவு நாளில் அம்மாவுக்கு டீ கொண்டுவந்து ஊற்றுபவராக அவரை எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். ஒரு முறைகூடப் பேசியதில்லை.

"இன்னா போட்ட?" என்றார் அவர் கணவர்.

"அந்தக் கோலம். நான்தான் போட்டேன். பேர எய்தச் சொல்லிச்சி. பேர எய்தப் பயமா இருந்திச்சி. அதான் கோலம் போட்டேன்."

"நீ எதுக்கு இங்க வந்த?"

"சோறு எடுத்துக்கினு வர்றப்ப ஒரு அஞ்சி நிமிசம்."

ஊர்ப் பக்கம் ஒரு பெண் சிரித்தாள். பிறகு இன்னும் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். பங்காளி வேட்டியை இறக்கிவிட்டார். "உன் பொண்டாட்டி போட்ட கோலத்துக்கு என் மேல வர்றியா நீ?" என்று சொல்லிவிட்டுப் போனார். மேட்டு வீட்டுக்காரர் தூக்கை மனைவி கையிலிருந்து வாங்கிக்கொண்டு மோட்டார் கொட்டகைப் பக்கம் நடந்தார். அவர் மனைவி கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். என்னைப் பார்க்கவில்லை. கல்லை எடுத்துவிட்டுத் தாளை மடித்து டப்பாவில் போட்டு மூடி, சுவர் மேலேயே வைத்துவிட்டுப் போனார். நான்தான் பிறகு வேப்பிலையைத் தள்ளிவிட்டு அதை எடுத்து வந்தேன். எடுப்பதற்கு முன் ஒரு படம் எடுத்துக்கொண்டேன்.

அன்றைக்கு அம்மா என்னோடு பேசவில்லை. மறுநாள் காலையில், "அந்த வெளாட்ட வேற எங்கனா போய் வெளாடு" என்றாள்.

நடந்ததை நிறுவனத்துக்கு எழுதினேன். அதை நடத்தியவர் உடனே கூப்பிட்டார். அவருக்கு ஒரே உற்சாகம். "இது பெரிய கதை. ஃபோட்டோ இருக்கா? வேப்பிலையோட? போஸ்ட் போட்டா எங்கயோ போயிடும்" என்றார். எடுக்கவில்லை என்றேன். என் பயம் எல்லாம் வேலை போய்விடுமோ என்றுதான் இருந்தது. அந்தப் பெண்ணைப் பற்றிய வருத்தம் அதற்கு அடுத்துத்தான் வந்தது. அதை மறைத்து எழுதுவதில் பயனில்லை.

ஆப்பில் சில மாற்றங்கள் வந்தன. பெட்டி வைப்பதற்கு முன் ஊராட்சியில் எழுதிக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு டப்பாவிலும் 'இது விளையாட்டுப் பெட்டி, பயப்பட வேண்டாம்' என்று ஸ்டிக்கர். தாளும் பென்சிலும் வேண்டாம், போனிலேயே பதிவு செய்தால் போதும் என்று முடிவானது. நாலுபுள்ளியின் கணக்கு வைகாசியோடு நின்றுவிட்டது. போனைப் பிடுங்கிக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்தேன்.

ஆனி மாதம் மேட்டு வீட்டுக்காரர், அம்மாவிடம் என்னை வரச் சொல்லி அனுப்பினார். அம்மா துணைக்கு வருகிறேன் என்றாள். வேண்டாம் என்று நானே போனேன். மோட்டார் கொட்டகையில் கட்டில் மேல் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி தொட்டியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். திட்டப் போகிறார் என்று தயாராக நின்றேன்.

"அந்த போனு எடம் காட்டுதே, எவ்ளோ சரியா காட்டும்?" என்று கேட்டார்.

"புரியலீங்க."

"வரப்பு அளக்க முடியுமா அதால? சர்வேயரு வரன்னு சொல்லி ஒரு வருசம் ஆவுது. நீ அந்தக் கல்லுலேர்ந்து இந்தக் கல்லுக்கு நடந்து போனா எங்க கோடு வரும்னு அது சொல்லுமா?"

"சொல்லும்ங்க. ஆனா மூணு மீட்டரு, அஞ்சி மீட்டரு முன்ன பின்ன இருக்கும்."

"அடியில சொல்லு."

"கொறஞ்சது பத்தடிங்க."

"பத்தடியா?" என்று வாயைப் பிளந்தார். "சண்டையே நாலடிக்குத்தானேம்மா!"

தொட்டிப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. அவர் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி என் பக்கம் திரும்பினார்.

"பத்தடி தப்பா காட்டறத வச்சிக்கினு இவ எப்பிடி டப்பாவக் கண்டுபுடிச்சா?"

"கிட்ட வரிக்கும்தான் போன் காட்டும்ங்க. அப்பறம் அவங்களேதான் தேடி எடுக்கணும்."

"எடுத்தா இன்னா கெடைக்கும்?"

"ஒண்ணுங் கெடைக்காதுங்க."

அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டே, "சரி, போ" என்றார்.

நான் சாலைக்கு வரும்போது அவர் மனைவி பின்னாலேயே வந்தார். பாத்திரம் கழுவிய கை ஈரமாக இருந்தது. அவரை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை. அம்மா அவரைச் சின்னம்மா என்பாள். நான் எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை.

"போன வாங்கிட்டாங்களா?" என்று கேட்டேன்.

"வாங்கினாரு. நாலாம் நாளு குடுத்துட்டாரு. கேசு சிலிண்டரு போட வந்தவன் ஓடிபி கேட்டான். அது என் போனுக்குத்தான் வருது."

"அப்ப ஆப்பு?"

"அத நானேதான் எடுத்துட்டேன். எல்லாம் சிரிச்சாளுங்க இல்ல." கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "அந்த மதகு மாத்தினது நீதானா?" என்றார்.

"ஆமா. வெயிலுக்கு முந்தி முடிச்சிக்கோன்னு சொன்னது நீங்கதானே."

"எவளோ பட்டணத்துப் பொண்ணுன்னு நெனச்சிக்கினு சொன்னேன்" என்றார். பிறகு, "ஒம்பது எடுத்துட்டேன்" என்றார்.

"தெரியும்."

"பத்தாவது டேங்காண்டதானே?"

"ஆமா."

சாலை வந்ததும் அவர் திரும்பிவிட்டார்.

ஆடி மாதத்தில் நான்கு நாள் வேலையாகச் சென்னைக்குப் போயிருந்தேன். ஒரு செவ்வாய்க்கிழமை பகல் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தபோது லேப்டாப்பில் ஒரு பதிவு வந்தது. நாலுபுள்ளி, பத்தாவது பெட்டி, பதினொன்று நாற்பது. பக்கத்திலிருந்தவர், "அந்தப் பெட்டிக்கு சிக்னல் வந்துடுச்சா?" என்று கேட்டார். வந்துவிட்டது என்றேன்.

ஊருக்குத் திரும்பிய பிறகு அம்மா சொன்னாள்.

"மேட்டுவூட்டம்மா வந்துச்சிடி நம்ம தெருவுக்கு. போனப் பாத்துக்கினே வருது. எல்லாம் வெளிய வந்து நின்னுக்கினு பாக்கறோம். எதுனா வேலக்கிக் கூப்புட வந்துச்சான்னு கேட்டேன். இல்லன்னுது. நேரா டேங்காண்ட போயி, குனிஞ்சி, டப்பாவ எடுத்துச்சி. தொறந்து பாத்துச்சி. உள்ள ஒண்ணும் இல்லியான்னு கேட்டுச்சி. எனக்கு இன்னா தெரியும்? மூடி அங்கியே வச்சிட்டுது."

"அப்பறம்?"

"அப்பறம் இன்னா? நம்ம வூட்டு வாசல்ல கொஞ்ச நேரம் நின்னுச்சி. உன் பொண்ணு இல்லியான்னுது. பட்டணம் போயிக்கீதுன்னேன். கெளம்பிடுச்சி."

"தண்ணி கிண்ணி குடுத்தியா?"

"அது கேக்கல. நான் குடுக்கல" என்றாள் அம்மா. குற்றம் சொல்வது போலவும் இல்லை, வருந்துவது போலவும் இல்லை. அடுப்பில் ஏதோ தீய்ந்த வாசனை வரவும் உள்ளே போய்விட்டாள்.

அவர் உள்ளே தேடியது தாளைத்தான் என்று எனக்குத் தோன்றியது. தாளை எடுத்துவிட்டோம் என்று ஆப்பில் எங்கேயும் தெளிவாகச் சொல்லவில்லை. அதைக் குறையாக எழுதி அனுப்பினேன். பார்க்கிறோம் என்றார்கள்.

பங்குனியில் நிறுவனத்திலிருந்து எல்லோருக்கும் ஒரே மின்னஞ்சல் வந்தது. எதிர்பார்த்த முதலீடு வரவில்லை. கிராமங்களில் ஆடுகிறவர்கள் போதவில்லை. இனிமேல் கடற்கரை விடுதிகளில் நடக்கும் அலுவலகக் கூட்டங்களுக்கு மட்டும் இந்த ஆட்டத்தை நடத்தப் போகிறார்கள். கிராமத்துப் பெட்டிகளை எடுத்துவிடச் சொல்லியிருந்தார்கள். இரண்டு நாள் அலைந்து எடுத்தேன். கால்வாயிலிருந்து முன்பே எடுத்து வந்ததையும் சேர்த்து எட்டுத்தான் தேறின. எடைமேடைப் பெட்டியை எறும்புகள் பிடித்துக்கொண்டிருந்ததால் விட்டுவிட்டேன். திருமுக்கூடல் பெட்டி ஆற்றில் வெள்ளம் வந்தபோதே போயிருக்க வேண்டும். மாத இறுதியில் எனக்கும் வேலை முடிந்தது. இரண்டு மாதத்தில் வேறு வேலை கிடைத்தது. வீடுகளுக்குப் பொருள் கொண்டுபோகிறவர்களுக்காக முகவரிகளை வரைபடத்தில் சரிபார்க்கும் வேலை. அதையும் வீட்டில் இருந்தே செய்யலாம் என்றார்கள். நான் சென்னையில் அறை எடுத்துக்கொண்டேன்.

மேட்டு வீட்டுக்காரருக்கும் பங்காளிக்கும் வரப்புத் தகராறு இன்னும் முடியவில்லை என்று அம்மா சொன்னாள். சர்வேயர் வந்து அளந்துவிட்டுப் போன பிறகு தகராறு ஆறடிக்கு ஆகிவிட்டதாம்.

போன ஆவணியில் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. எடுத்தேன். யார் என்று அவர் சொல்லவில்லை, மேட்டு வீட்டுக்காரரின் மனைவி என்று குரலில் தெரிந்துகொண்டேன். ஆப் திறக்கவே மாட்டேன் என்கிறது, போனில் ஏதாவது கோளாறா என்று கேட்டார். ஆட்டத்தை நிறுத்திவிட்டார்கள் என்றேன்.

"மொத்தமாவா?"

"நம்ம பக்கம் இல்ல. மகாபலிபுரம் பக்கம் ஓட்டல்ல இருக்குது."

"அங்க யாரு போறது?" என்றார். சற்றுப் பொறுத்து, "இதுமாரி நடக்கற ஆட்டம் வேற எதுனா இருந்தா சொல்லு" என்றார். பார்க்கிறேன் என்றேன்.

போனை வைத்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் வைக்கவில்லை.

"நாளைக்கு நடவு. உங்கம்மா ஏழு மணிக்குத்தான் வருது. ஆறுக்கே வரச் சொல்லு. இன்னும் நாலு பேர கூட்டிக்கினு வரச் சொல்லு" என்றார்.

சொல்கிறேன் என்றேன். அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னேன்.